காரணத்துக்கும் மதிப்பெண் கொடுப்போம்

மெஷின்ஸ் லேபில் டி.சி. ஷன்ட் மோட்டார் ஓடும்போது ஃபீல்டு ஒயரைத் தொடாதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை எச்சரிக்கிறேன். காந்தப்புலம் திடீரென்று குறைந்தால், சுமையில்லாத மோட்டாரின் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். இதை நிஜ மோட்டாரில் காட்ட முடியாது, கணினியில் காட்டலாம். ஃபீல்டு மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்கிறேன். எதிர் மின்னியக்கு விசை விழுவதும், ஆர்மேச்சர் மின்னோட்டம் எகிறுவதும், பின்னாலேயே வேகம் ஏறுவதும் திரையில் தெரிகின்றன. எச்சரிக்கையின் காரணம் அப்போதுதான் மாணவருக்குப் பிடிபடுகிறது.

இவ்வளவு நன்றாகக் காட்டும்போது, லேப் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியாது.

இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்களைக் கொண்ட அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் இரு பக்கமும் இம்மி பிசகாமல் சமம் என்பதால், சுற்று அலைவுறாமல் அப்படியே நின்றுவிடக்கூடும். தொடக்க மதிப்பு கொடுத்துத் தள்ளிவிட வேண்டும். பிரெட்போர்டில் தானாகவே அலைவுறத் தொடங்கும். நிஜத்தில் எந்த இரண்டு டிரான்சிஸ்டரும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதே காரணம். பொறியாளர் வாழ்நாள் முழுக்க வேலை செய்யப்போவது இந்தச் சமமற்ற பொருள்களோடுதான்.

ஆகவே கணினி, லேப் இரண்டும் வேண்டும். செலவு ஒரு தடையே இல்லை. 1970-களில் பெர்க்லியில் உருவான ஸ்பைஸ் என்ற சுற்று உருவகப்படுத்தல் மென்பொருளின் வழிவந்த என்ஜிஸ்பைஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதை உள்ளடக்கிய இசிம் மென்பொருளை மும்பை ஐஐடி இலவசமாகத் தருகிறது.

மாற வேண்டியது ரெக்கார்டு நோட்டு. சீனியரின் ரீடிங்கைப் பார்த்து எழுதினாலும் இன்று முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. இனி ஒவ்வொரு சோதனைக்கும் கணக்கிட்டது, கணினி சொன்னது, அளந்தது என மூன்று மதிப்புகளையும் எழுதச் சொல்வோம். அவை ஏன் ஒத்துப்போகவில்லை என்ற விளக்கத்துக்குப் பாதி மதிப்பெண் கொடுப்போம். ரெசிஸ்டரின் ஐந்து சதவீத விலகலா, மீட்டரே சுற்றில் சுமையானதா, லூஸ் கனெக்‌ஷனா? அதைத் தேடும் மாணவர் லேபில் கையை வைத்தே ஆக வேண்டும். வைவாவிலும் மனப்பாடம் உதவாது.

நேரம் போதாது என்பார்கள். பன்னிரண்டு சோதனைகளை அவசரமாக முடிப்பதைவிட எட்டை இப்படிச் செய்வது மேல். அடுத்த பாடத்திட்ட மாற்றத்திலேயே பல்கலைக்கழகங்கள் இதைக் கொண்டுவர வேண்டும்.