வாடகைக்கு அல்ல, வட்டாரத்துக்கு

கொழும்பில் பழைய அரசுக் கட்டடம் ஒன்று திருத்தப்பட்டால், பெரும்பாலும் அதற்குள் கடைதான் வருகிறது. கோட்டையின் ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011இல் உணவகத் தொகுதியானது. சுதந்திர சதுக்கத்தருகே இருந்த முன்னாள் கணக்காய்வாளர் அலுவலகம் 2014இல் அங்காடியானது. கட்டடங்கள் பிழைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் நெருங்கி வாழும் குடும்பங்களுக்கு அங்கே என்ன வேலை? பிள்ளைகள் படிக்க ஒரு மேசையும் முதியோர் கூட ஒரு மண்டபமும்தான் அவர்களுக்குத் தேவை.

கடையா, வட்டாரத்துக்கா என்ற இரு வழிகளையும் லண்டனின் பழைய தீயணைப்பு நிலையங்கள் காட்டுகின்றன. 1889இல் கட்டிய சில்டர்ன் வீதித் தீயணைப்பு நிலையம் 2014இல் சொகுசு ஹோட்டலானது. வெஸ்ட் நோர்வூட்டின் 1881ஆம் ஆண்டு நிலையமோ 1967இல் தன்னார்வலர்கள் நடத்தும் நாடக அரங்கானது. தீயணைப்பு நிலையத்தின் அமைப்பே இத்தகைய பொதுப் பயன்பாட்டுக்குத் தோதானது: வண்டி நின்ற உயர்ந்த கூடம், வீதியை நோக்கிய அகன்ற கதவுகள். பராமரிக்கப் பணம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான். முகப்பில் ஓரிரு கடைகளை வாடகைக்கு விடலாம். முழுக் கட்டடத்தையும் அல்ல. மாளிகாவத்தைக்கு எட்டிய தூரத்தில் டார்லி வீதித் தீயணைப்புத் தலைமையகம் இருக்கிறது. அது என்றாவது இடம் மாறினால் முதல் உரிமை அயலவருக்கே என்று மாநகர சபை இப்போதே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.