அலமாரிச் சாவியும் ஆங்கிலமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கூப்பிட்டார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசனை கேட்டார். "கிராமர் எல்லாம் நல்லாப் போடுறா டீச்சர். பாடத்துல இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்தா முழிக்கிறா."

"இதுவரைக்கும் இங்கிலீஷ்ல எத்தனை கதைப் புத்தகம் முழுசாப் படிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"பாடப் புத்தகம் தவிரவா டீச்சர்?" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. தமிழை நம் பிள்ளைகள் இலக்கணம் படித்தா கற்றார்கள்? ஆயிரம் முறை காதில் விழுந்தது, வாயில் வந்தது. ஆங்கிலம் வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட நம்மிடம் இருக்கும் மலிவான வழி புத்தகம்தான். அதுவும் ஒரு பாடத்தை ஒரு மாதம் அரைப்பதல்ல. எளிய புத்தகங்களாக, நிறையப் படிப்பது.

பசிபிக் கடலில் உள்ள ஃபிஜித் தீவுகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாரிக் எலி, பிரான்சிஸ் மாங்குபாய் என்ற இருவர் செய்த ஆய்வு, 1983-ல் வெளியானது. வீட்டில் வேறு மொழி பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகள். நான்காம், ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்புகளுக்கு 250 கதைப் புத்தகங்கள் வரை கொடுத்தார்கள். தினமும் இருபது, முப்பது நிமிடம் வாசிப்பு. சில வகுப்புகளில் ஆசிரியர் சேர்ந்து வாசித்தார். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களே மௌனமாக வாசித்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், படித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் அவர்கள் வழக்கத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பலன் இன்னும் கூடியது, எழுத்திலும் இலக்கணத்திலும்கூடத் தெரிந்தது.

நம் பாடத்திட்டத்திலும் இதற்கு இடம் இருந்தது. 'நான்-டீட்டெயில்' நினைவிருக்கிறதா? வரி வரியாகப் பிரிக்காமல், கதைக்காக வேகமாகப் படிக்கத்தான் அது. அதையும் நாம்தான் கட்டுரை வினா ஆக்கினோம். நோட்ஸ் கொடுத்தோம், மனப்பாடம் செய்யவைத்தோம். கதையைப் படிக்காமலே முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சிரிக்காதீர்கள், நோட்ஸ் எழுதிப் போட்டவளே நான்தான்.

இப்போது ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு பெட்டி நிறைய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் நம் பள்ளிக்கு வந்தன. இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அலமாரியில் அடுக்கிப் பூட்டிவிட்டேன். ஒன்று தொலைந்தாலும் என் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயம். ஒரு பையன் மூன்று முறை வந்து, "டீச்சர், யானைப் படம் போட்ட புக்கு" என்று கேட்டான். "கிழிச்சிடுவே, போ" என்றேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி, புத்தகங்கள் புத்தம் புதிதாக இருக்கின்றன என்று பாராட்டினார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பையன் இதைப் படித்தால், தம்பி, டீச்சரை மன்னித்துவிடு.

பணியின் கடைசி ஆறு ஆண்டுகளில்தான் அலமாரியைத் திறந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, யாருக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளலாம். நானும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். சில புத்தகங்கள் தொலைந்தன, சில கிழிந்தன. எல்லோரும் சரளமாகப் பேசிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தெரியாத பத்தியைக் கண்டு பயந்து பேனாவை மூடி வைப்பது குறைந்தது. விதி சொல்லத் தெரியாது, ஆனால் தப்பான வாக்கியத்தைக் கேட்டால் "ஏதோ இடிக்குது டீச்சர்" என்பார்கள். அந்தக் காது வாசித்து வந்தது.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

புத்தகம் எளிதாக இருக்க வேண்டும். நூறு சொல்லில் தெரியாதது இரண்டு இருந்தால் தடையில்லாமல் ஓடும். ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். நூறு சொல்லுக்குள் மூன்று விரலுக்கு மேல் மடங்கினால் அது இப்போதைக்கு வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் புத்தகம் படித்தால் கேலி செய்யாதீர்கள்.

தேர்வு பிள்ளையுடையது. பிடிக்கவில்லையா, பாதியில் வைத்துவிடட்டும். வரிக்கு வரி அகராதி பார்க்க வேண்டாம். முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள், சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். "கதை எப்படி இருந்துச்சு?" போதும். தமிழில் பதில் சொன்னாலும் பரவாயில்லை.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் நிலைவாரியாகக் கதைகள் இலவசமாக இருக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் இரு மொழியும் ஒரே பக்கத்தில் உள்ள புத்தகங்களைப் போடுகிறது. பக்கத்து நூலகத்தில் பிள்ளைக்கு ஒரு உறுப்பினர் அட்டை வாங்குங்கள்.

இலக்கணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்போக்கன் வகுப்பும் வேண்டுமானால் போகட்டும். ஆனால் உள்ளே ஒன்றும் போகாமல் வெளியே என்ன வரும்? கேட்டதும் படித்ததும்தானே பேச்சாக வரும்? தினமும் இருபது நிமிடம், ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள். மார்க் உடனே ஏறாது. அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

போனில் பேசிய மாணவர் நேற்று ஒரு படம் அனுப்பினார். பாப்பா திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாள். கையில் என்ன புத்தகம் என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் படித்து முடித்த புத்தகங்கள் பரண்மேல் கிடந்தால், படித்த பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்: "பூட்டி வைக்காதீங்க டீச்சர், கிழிஞ்சாலும் பரவாயில்லை."

அன்புடன்,
உங்கள் டீச்சர்