மற்றவர் வயலுக்கு ஒரு நாற்றுமேடை

அமெரிக்க பேஸ்போல் பற்றி எழுதுவோர் 'இளம் திறமைகளை வளர்த்தெடுத்தல்' என்னும் சொற்றொடரை மந்திரம் போல் உச்சரித்து வருகின்றனர். ஓர் அணி தனது சிறந்த வீரரைக் கைமாற்றிவிட்டு, முகம் தெரியாத மூன்று இளைஞர்களைப் பெற்றுக்கொண்டால் அதற்கும் இதுவே விளக்கம். அடுத்த ஆண்டு அவ்வணி நூறு போட்டிகளில் தோற்றால் அது 'மீள்கட்டமைப்பு' எனப்படும். இத்தகைய விளக்கங்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது பல வேளைகளில் வெறும் கருமித்தனமே. ஒக்லண்ட் அத்லெட்டிக்ஸ் அணியின் கதை அதற்குப் போதுமான சான்று.

இத்தொழிலின் ஊதிய முறையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மேஜர் லீக்கில் நுழையும் வீரர் ஏறத்தாழ முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய தொகைக்கே ஆடுகிறார். அடுத்த மூன்று ஆண்டுகள் நடுத்தீர்ப்பு முறையில் ஊதியம் ஏறும். ஆறு ஆண்டு சேவை முடிந்த பின்னரே விரும்பிய அணிக்குச் செல்லும் சுதந்திரம் கிட்டும். ஆகவே இளம் வீரர் என்பவர் திறமையானவர் மட்டுமல்லர், மலிவானவரும் ஆவார். இந்த இரண்டாவது தகுதியை மட்டுமே கண்ட நிர்வாகம் எதைச் செய்யும்? விலை ஏறும் வேளையில் வீரரை அனுப்பிவிட்டு இன்னொரு மலிவான இளைஞரைத் தேடும்.

இம்முறையில் ஒக்லண்ட் வெற்றியே காணவில்லை என்று கூறுவது அநீதி. 2002 இல் சொற்ப நிதியைக் கொண்டு 103 போட்டிகளில் வென்ற அணி அது. தொடர்ச்சியாக 20 வெற்றிகளும் அந்த ஆண்டில்தான். ஆனால், வறுமையில் கண்ட உபாயம் பின்னர் வறுமையை நியாயப்படுத்தும் கொள்கையாகிவிட்டது.

ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். ஜோஷ் டொனால்ட்சனின் ஒப்பந்த உரிமை இன்னும் நான்கு பருவங்கள் ஒக்லண்டிடமே இருந்த நிலையில், 2014 நவம்பரில் அவரை ரொறன்ரோ புளூ ஜேஸ் அணிக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே அவர் அமெரிக்கன் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரரானார். பதிலாகக் கிடைத்தவர்களில் பெரிதும் நம்பப்பட்டவர் 18 வயதான பிராங்க்ளின் பரேட்டோ. அவரால் மேஜர் லீக்கில் நிலையான ஓர் இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. மார்க்கஸ் செமியன் 2020 பருவத்தின் பின் ரொறன்ரோவுக்குச் சென்று மறு ஆண்டில் 45 ஹோம் ரன்கள் அடித்தார். மட் சாப்மனும் அதே வழியே வந்தார். கிறிஸ் பாசிற் நியூயோர்க் மெட்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒக்லண்ட் பயிரிட்டது, ரொறன்ரோ அறுவடை செய்தது.

2022 வசந்தத்தில் நடந்ததை விற்பனை என்பதா, ஏலம் என்பதா? பாசிற், ஓல்சன், சாப்மன், மனாயா ஆகிய நால்வரும் ஒரு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். 2021 இல் 86 வெற்றிகளைப் பெற்ற அணி 2022 இல் 102 தோல்விகளையும் 2023 இல் 112 தோல்விகளையும் கண்டது.

சிறிய சந்தையைக் கொண்ட அணி வேறென்ன செய்யும் என்று கேட்போர் உளர். கிளீவ்லண்டும் சிறிய சந்தைதான். அவ்வணி 2022 இல் ஹோசே ரமிரெஸை 141 மில்லியன் டொலருக்கு ஏழாண்டுகள் தக்கவைத்துக்கொண்டது. அவரைச் சுற்றியே இளைஞர்களை வளர்த்து அவ்வாண்டிலும் 2024, 2025 இலும் தனது பிரிவில் முதலிடம் பெற்றது. இளைஞன் கற்றுக்கொள்ள அருகில் மூத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். இது பத்திரிகை அலுவலகத்தில் வேலை பழகிய எவருக்கும் தெரிந்த விடயம். ஓல்சனைப் பெற்ற அட்லான்டாவோ மறுநாளே எட்டு ஆண்டுகளுக்கு 168 மில்லியன் டொலர் ஒப்பந்தம் எழுதியது.

இரசிகர்கள் வராதபடியால்தான் பணமில்லை என்றும் சொல்லப்பட்டது. நேசித்த வீரர்களை எல்லாம் விற்றுவிட்டு, பாழடைந்த மைதானத்துக்கு வரவில்லையே என்று மக்களைக் குறைகூறுவது என்ன நியாயம்? 2023 ஜூன் 13 அன்று, அணியை விற்றுவிடுமாறு உரிமையாளர் ஜோன் ஃபிஷரைக் கோரி 27,759 பேர் அதே மைதானத்தில் திரண்டனர்.

2004 இல் எரிக் சாவேஸுக்கு வழங்கிய 66 மில்லியன் டொலரே இருபது ஆண்டுகளாக அவ்வணியின் மிகப் பெரிய ஒப்பந்தமாக இருந்தது. அது முறியடிக்கப்பட்டது 2024 டிசெம்பரில், லூயிஸ் செவெரினோவுக்கு 67 மில்லியன் எழுதப்பட்டபோது. 2025 ஜனவரியில் பிரென்ட் ரூக்கருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 60 மில்லியன். மார்ச்சில் இளைஞர் லோரன்ஸ் பட்லருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 65.5 மில்லியன். இல்லாதிருந்த பணம் எங்கிருந்து வந்தது? ஒக்லண்டில் கடைசிப் போட்டி 2024 செப்டெம்பர் 26 இல், 46,889 பேர் முன்னிலையில் முடிந்துவிட்டிருந்தது. லாஸ் வெகாஸில் புதிய மைதானம் தயாராகும்வரை அணி சக்ரமென்டோவில் தற்காலிகமாகக் குடியேறியிருந்தது.