செத்த பாம்புக்கு இன்னும் 5 ஆண்டு

எதிர்பார்த்ததுதான். விடுதலைப் புலிகள் மீதான தடையை 2024 மே 14 அன்று மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்துவிட்டார்கள். 1992-இல் போட்ட தடை. முன்பெல்லாம் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தார்கள்; அதுவும் அலுத்துப்போய், சட்டத்தைத் திருத்தி 5 ஆக்கிக்கொண்டார்கள். 2009-இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து 15 ஆண்டாகியும், மிச்சசொச்சம் ஒன்றுகூடப் பார்க்கிறது என்றது டெல்லி. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை யாரும் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் இல்லாத இயக்கத்தின் பேரைச் சொல்லி, இருக்கிற மனிதர்களை எத்தனை காலம் சந்தேகத்தில் வைத்திருப்பது?

நம் தூத்துக்குடி மாவட்டத்துத் தாப்பாத்தி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமையே எடுத்துக்கொள்வோம். இங்கேயே பிறந்து, பெயின்ட் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் நல்ல கூலிக்கு வேலை கிடைத்தாலும் ஆள் கணக்கெடுக்கும் ‘செக்கிங்’ அன்று முகாமில் நின்றாக வேண்டும். தவறினால் உதவித்தொகை போகும். காவல்துறையின் கியூ பிரிவு விசாரிக்கும். பெரும்பாலோருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. இந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் பலர் அரசின் கண்ணுக்குச் ‘சட்டவிரோதக் குடியேறி’தான். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் 2024 மார்ச்சில் வந்தபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை. இரண்டே மாதத்தில் இந்தத் தடை நீட்டிப்பு. கேட்டால் பாதுகாப்பு என்பார்கள்.

பாதுகாப்பு அச்சம் நிஜமாகவே இருந்த நாட்டைப் பாருங்கள். ஜோர்டான் 1970-இல் பாலஸ்தீன கெரில்லாக்களோடு தன் தலைநகரிலேயே சண்டை போட்டு, அடுத்த ஆண்டு அவர்களை விரட்டியடித்தது. அதற்காக, லட்சக்கணக்கான பாலஸ்தீன அகதிகளுக்கு 1954-இல் கொடுத்த குடியுரிமையைப் பிடுங்கவில்லை. லெபனான் பெரும்பாலான பாலஸ்தீன அகதிகளுக்குக் குடியுரிமை தரவில்லை. அங்கே தலைமுறைகள் முகாமிலேயே கழிகின்றன. டெல்லி பிடித்திருப்பது லெபனான் வழி.

இந்தப் பாதுகாப்பு மேதைகளின் பழைய கணக்கையும் பார்த்துவிடலாம். 1970-களில் ஈரோஸ் என்ற ஈழத் தமிழ் இயக்கத்தின் இளைஞர்கள் பயிற்சிக்கு அந்த லெபனானுக்கே போனார்கள், பாலஸ்தீனர்களிடம். 1983-க்குப் பிறகு அவ்வளவு தூரம் போக வேண்டிய சிரமமே இல்லை. டேராடூன் பக்கம் சக்ராத்தாவில் டெல்லியே துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. எல்லை தாண்டிய படகுகளைக் கண்டும் காணாமல் இருந்தது. 1987-இல் கொழும்போடு ஒப்பந்தம் போட்டு அமைதிப்படையை அனுப்பி, 1,000-க்கும் மேற்பட்ட வீரர்களைப் பலிகொடுத்தது. போர் முடிந்தபின் இரு கரையையும் இணைக்கிறோம் என்று 2011-இல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் விட்டார்கள். ஆண்டு முடியுமுன் அதுவும் நின்றது. ஒரு கப்பலைக்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாதவர்கள் முகாம்வாசிகளிடம் நன்னடத்தைச் சான்று கேட்கிறார்கள்!

தடை வேறு, அகதி வேறு என்பது இனியாவது டெல்லிக்கு உறைக்க வேண்டும். தமிழகக் கட்சிகளும் கண்டன அறிக்கையோடு நிற்காமல் உருப்படியாக ஏதாவது செய்யட்டும். 2024 ஏப்ரல் 19-இல் மக்களவைத் தேர்தலில் நாம் ஓட்டுப் போட்டோம். முகாமில் அநேகமாக யாருக்கும் ஓட்டு இல்லை. அதனால்தான் யாருக்கும் அவசரமும் இல்லை.