வேடந்தாங்கலில் சைலன்சர் அலற வேண்டாம்

ஆசிரியருக்கு,

லடாக்கின் பாங்காங் ஏரிக்கு பைக்கில் போய்வந்தவரின் கட்டுரை அருமை. 4,200 மீட்டருக்கு மேலான உயரமும் குளிரும் எல்லாருக்கும் வாய்க்காது. குன்றும் ஏரியும் எங்கள் செங்கல்பட்டிலேயே உண்டு. கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பினால், வல்லம் குன்றில் பல்லவர் காலக் குடைவரை. திருக்கழுக்குன்றத்தின் வேதகிரி மலை ஏறி இறங்கினால், 15 கிலோமீட்டரில் மாமல்லபுரம் கடல்.

ஆனால், பறவை சீசனில் வேடந்தாங்கல் சரணாலயத்தின் பக்கம் போகும் சில பைக் கூட்டங்கள், மாற்றிப் பொருத்திய சைலன்சரை ஏரிக்கரை வரை அலறவிடுகின்றன. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் தண்ணீரில் நிற்கும் மரங்களில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் சமயம் அது. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். சீசன் முடியும்வரை வண்டிகளைத் தொலைவிலேயே நிறுத்தவைத்து, நடந்துவரச் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர், செங்கல்பட்டு