கடைத் தொட்டி வேறு, நம் குட்டை வேறு

பண்ருட்டிப் பக்கத்து விவசாயிகளுக்கு முந்திரி நாற்றுப் பண்ணை புதிதல்ல. அங்கே ஒரு சென்ட் இடத்தில் ஒட்டுக் கன்றுகள் ஆயிரக்கணக்கில் பையோடு பை உரச அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எவரும் தம் கொல்லையிலும் அப்படியே நெருக்கி நடுவதில்லை. முந்திரியை 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில், ஏக்கருக்குச் சுமார் 80 கன்று என்றுதான் நடுகிறோம். பலாவுக்கு 8 மீட்டர் விடுகிறோம். நாற்றுப் பண்ணை விற்கும் இடம், கொல்லை வளரும் இடம் என்பது நமக்குத் தெரியும்.

இதே விவசாயி பண்ணைக்குட்டை வெட்டி மீன் விடப் போகும்போது இந்த அறிவை ஏனோ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு சிறு விவசாயி தம் 10 சென்ட் குட்டையில் 1500 மீன் குஞ்சுகளை விட்டார். மழைக்காலத்தில் குட்டை நிறைந்திருந்தது, மீன்களும் துள்ளின. மாசி பிறந்து தண்ணீர் பாதியாக இறங்கியதும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கின. மூன்றாம் நாள் கரையெங்கும் செத்த மீன்கள் ஒதுங்கின. மிஞ்சியவையும் உள்ளங்கை அளவே இருந்ததால் வியாபாரி அவற்றுக்கு விலை பேசவே மறுத்துவிட்டார்.

அந்த விவசாயி என்னைக் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது. “குஞ்சு விற்பவர் ஒரு சிமெண்டுத் தொட்டியிலேயே இவ்வளவையும் உயிரோடு வைத்திருந்தாரே ஐயா! என் குட்டை அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பிறகு ஏன் செத்தன?”

நியாயமான கேள்விதான். அவர் வந்திருந்த பயிற்சியில் இனம், தீவனம், எரு எல்லாவற்றையும் சொன்ன நான், எண்ணிக்கையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். ஆகவே இந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

கடையில் எப்படிப் பிழைக்கின்றன?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகளைப் பார்த்தவர்கள் வியந்து போவார்கள். சிறு கண்ணாடித் தொட்டியில் நூறு மீன்கள் நீந்தும். அதில் மாயம் ஒன்றும் இல்லை.

முதலாவது, அம்மீன்கள் அங்கே சில நாட்களே தங்குகின்றன. இன்று வந்தது அடுத்த வாரம் விற்றுப்போகும். இரண்டாவது, அவை குஞ்சுகள்; எடை மிகக் குறைவு. மூன்றாவது, காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓடுகிறது. பல கடைகளில் வரிசைத் தொட்டிகள் எல்லாவற்றையும் ஒரே வடிகட்டித் தொட்டியோடு இணைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் தண்ணீரைவிட உண்மையில் சுழலும் தண்ணீர் அதிகம். நான்காவது, தீவனம் அளவோடுதான் போடப்படுகிறது. அடிக்கடி தண்ணீர் மாற்றி, கழிவை உறிஞ்சி எடுத்து, செத்ததைக் காலையிலேயே அகற்றிவிடுவார்கள். ஐந்தாவது, சாகும் மீனின் விலை, விற்கும் மீனின் விலையில் சேர்ந்துவிடுகிறது.

கெண்டைக் குஞ்சு விற்பவரின் தொட்டியும் இப்படித்தான். பையில் அடைக்கும் முன் குஞ்சுகளை ஒரு நாள் பட்டினி போட்டே வைத்திருப்பார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் தண்ணீர் கெடாது. தின்னாத மீன் கழிவது குறைவு. நாமோ வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே தவிடும் பிண்ணாக்கும் போடத் தொடங்குகிறோம்.

வீட்டுத் தொட்டியில் ஏன் சாகின்றன?

என் வீட்டுப் பிள்ளைகளுக்காக நானே இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிப் பன்னிரண்டு தங்கமீன்களை விட்டேன். பத்து நாளில் ஒன்பது செத்தன. முனைவர் பட்டம் பெற்றவன் வீட்டில்தான் இது நடந்தது!

அந்தத் தொட்டி கொள்வது சுமார் 45 லிட்டர் தண்ணீர். மீனின் கழிவிலிருந்தும் தின்னாத தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கடையின் பழைய வடிகட்டியில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. புதிய தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பன்னிரண்டு மீன்களை விட்டால் அவை தம் கழிவிலேயே மூழ்கும். மேலும் தங்கமீன் ஓர் அடியை எட்டும் வரைகூட வளரக்கூடியது. அந்தத் தொட்டிக்கு ஒன்றிரண்டு மீன்களே அதிகம்.

ஆகவே வீட்டில் மீன் வளர்ப்போர் முதலில் ஒன்றிரண்டை மட்டும் விட்டு, ஒரு மாதம் பொறுத்து, வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றிவர வேண்டும். கடையில் காணும் அளவைக் கணக்காகக் கொள்ளாமல், மீன் வளர்ந்து முடிந்தபின் எட்டும் அளவை மனத்தில் கொண்டு வாங்க வேண்டும்.

குட்டையின் கணக்கு

மீனின் நீளம் இரு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. இதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான நட்டங்கள் வருகின்றன. 10 கிராம் எடையுள்ள 1500 குஞ்சுகளின் மொத்த எடை 15 கிலோதான். அதைத்தான் விற்பவர் தொட்டியில் பார்த்தோம். ஒவ்வொன்றும் அரைக் கிலோ ஆக வேண்டுமானால் குட்டை 750 கிலோ மீனைத் தாங்க வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றைச் சேர்த்து, எருவும் தீவனமும் இட்டு, ஆண்டு முழுதும் நீர் நிற்கும் குளத்தில் நன்றாக வளர்த்தால் எக்டருக்கு 3 முதல் 5 டன் கிடைக்கும். அதாவது சென்ட்டுக்கு 12 முதல் 20 கிலோ. 10 சென்ட் குட்டைக்கு 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை 1500 மீன்கள் பங்கு போட்டால் தலைக்கு 100 கிராம். 300 குஞ்சு விட்டு, அதில் 240 பிழைத்தால் தலைக்கு 600 கிராமுக்கு மேல் வரும். முன்னதைக் கேட்க ஆளில்லை; பின்னதைச் சந்தையில் கேட்டு வாங்குவார்கள்.

ஆகவே சென்ட்டுக்கு 20 முதல் 40 விரலிகள் என்பதே வளர்ப்புக் குளத்துக்கான அளவு. நம் செம்மண் மேட்டு நிலத்துக் குட்டைகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் தண்ணீர் சித்திரைக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். தண்ணீர் பாதியானால் நெருக்கடி இரட்டிப்பாகும். ஆறு மாதமே நீர் நிற்கும் குட்டைக்குச் சென்ட்டுக்கு 20 போதும். அதுவும் விரல் நீளத்துக்குக் குறையாத பெரிய குஞ்சுகளாக இருத்தல் நலம்.

“பாதி செத்துப் போகும், இரட்டிப்பாக விடுங்கள்” என்று சிலர் சொல்வார்கள். பொரித்த சில நாட்களேயான நுண்குஞ்சுக்கு அது ஓரளவு பொருந்தும். நாற்றங்கால் குளத்தில் அவற்றைச் சென்ட்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேலாக விடுவதுண்டு. ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள். விரலிகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது. சாவுக்குப் பயந்தால் விராலையும் தண்ணீர்ப் பாம்பையும் முதலில் அகற்றுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். உடனே தீவனத்தையும் எருவையும் நிறுத்தி, புதுத் தண்ணீரை மேலிருந்து கொட்டும்படி பாய்ச்சுங்கள். கையை நீருக்குள் முழங்கை வரை விடும்போது உள்ளங்கை அதற்கு முன்பே மறைந்துபோனால் பாசி மிகுந்துவிட்டது என அறியலாம்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டுத் தொட்டியில் பெருத்துவிட்ட மீனைப் பாவம் பார்த்து ஏரியிலோ குட்டையிலோ விடாதீர்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் முள் கவச மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, வலையைக் கிழித்து, விலையும் போகாமல் மீனவரை வாட்டுகிறது.

யார் என்ன செய்ய வேண்டும்?

1957 சூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டையை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதற்கு முன் ஆற்றில் வடித்தெடுத்த குஞ்சையே நம்பியிருந்தோம். இன்று குஞ்சு தாராளமாகக் கிடைக்கிறது. தாராளம் வந்ததும் கணக்கு போய்விட்டது.

குஞ்சு விற்போர் “எத்தனை வேண்டும்?” என்று கேட்பதற்கு முன், “குட்டை எத்தனை சென்ட்? எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும்?” என்று கேட்க வேண்டும், விட வேண்டிய எண்ணிக்கையை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். திட்டங்களை நடத்துவோர் எத்தனை குஞ்சு விடப்பட்டது என்பதைவிட, எத்தனை கிலோ பிடிக்கப்பட்டது என்பதைப் பெருமையாகக் கொள்ள வேண்டும். எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் பயிற்சியை எண்ணிக்கையிலிருந்தே தொடங்க வேண்டும். நான் இப்போது அப்படித்தான் தொடங்குகிறேன்.

விவசாயப் பெருமக்கள் செய்ய வேண்டியது ஒன்றே. குஞ்சு வாங்கப் புறப்படும் முன் குட்டையைச் சங்கிலி பிடித்து அளந்து, சென்ட்டை எழுதி, இருபதால் பெருக்கி, அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுதும் நீர் நிற்குமானால் முப்பதால் பெருக்கலாம். தொட்டியில் துள்ளும் குஞ்சுகளைப் பார்த்து ஆசை மிகும்போது, அந்தச் சீட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள்.