கிராபிக் டிசைனர் தேவை (சேதாரம் தனி)

மார்ச் இயர் எண்டிங் முடிஞ்சு, ஆடிட்டரும் வந்து போயாச்சு. இப்பதான் கொஞ்சம் மூச்சு விட நேரம். அதனால் இன்றைக்கு ஒருத்தரைத் திட்டலாம் என்று இருக்கிறேன். மணிநகர் மக்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பையன் விஸ்காம் முடித்துவிட்டு எட்டு மாதமாக அகமதாபாத்தில் எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடுகிறான். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, "மாமா, இதைப் படிச்சிட்டு இது என்ன வேலைன்னு சொல்லுங்க" என்றான்.

படித்தேன். கிராபிக் டிசைனர் தேவை. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், கோரல்டிரா தெரிந்திருக்க வேண்டும். சரி, நியாயம். அடுத்து ஆப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் புரோ. அப்புறம் பிளெண்டரில் 3டி. ஃபிக்மா, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், வேர்ட்பிரஸ். மூன்று மொழியில் விளம்பர வாசகம் எழுத வேண்டும். பொருட்களைப் போட்டோ எடுக்க வேண்டும் (சொந்தக் கேமராவுக்கு முன்னுரிமையாம்!). கம்பெனியின் இன்ஸ்டாகிராமையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அனுபவம் மூன்று வருடம், ஆனால் பிரெஷர்களும் விண்ணப்பிக்கலாம். சம்பளம் 'தகுதிக்கேற்ப'. போன் பண்ணிக் கேட்டதில் 15,000 என்றார்களாம்.

நான் பி.காம். டிசைன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். லே-அவுட் ஆர்ட்டிஸ்ட், வீடியோ எடிட்டர், 3டி ஆள், வெப் ஆள், எழுத்தாளர், போட்டோகிராபர், இன்ஸ்டாகிராமுக்கு ஒருத்தர். ஆக ஏழு பேர் வேலை.

எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கம். காலண்டர் அச்சாபீஸ்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். படம் வரைகிறவர் வேறு, பிளேட் போடுகிறவர் வேறு, மிஷின்மேன் வேறு, கட்டிங், பைண்டிங் எல்லாம் வேறு வேறு கை. ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு ஆஃப்செட் மிஷினை ஓட்டச் சொன்ன முதலாளியை நான் பார்த்ததில்லை. கருணையால் அல்ல, மிஷின் விலை அவர்களுக்குத் தெரியும் :-)

இப்போது எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டதால் எல்லாம் ஒரே வேலை என்று நினைப்பு. எக்செல் தெரிந்தவரெல்லாம் அக்கவுண்டன்டா? வேர்ட் தெரிந்தவரெல்லாம் கதாசிரியரா?

நாம் தினமும் எழுதுகிற ரூபாய்க் குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூலையில் அரசு தேர்ந்தெடுத்த அந்தக் குறியை வடிவமைத்தவர் நம்மாள், உதயகுமார். அண்ணா பல்கலையில் கட்டடக்கலை படித்து, மும்பை ஐஐடியில் டிசைன் படித்து, அங்கேயே தமிழ் எழுத்து வடிவங்களில் முனைவர் பட்ட ஆய்வும் செய்தவர். எழுத்தின் கோட்டையும் வளைவையும் பார்ப்பதிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்த ஒரு மனிதர். ஜெயித்தால் 2.5 லட்சம் பரிசு என்பது போட்டி அறிவிப்பிலேயே இருந்தது. இன்ஸ்டாகிராம் ரீல் போடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை (அப்போது இன்ஸ்டாகிராமே வரவில்லை என்பது வேறு விஷயம்).

எங்கள் வங்கி விளம்பரங்களை ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வில் ஐடி தனி, சட்டம் தனி, விவசாயம் தனி, மார்க்கெட்டிங் தனி. வக்கீலிடம் போய் நெல் பயிரைப் பற்றிக் கேட்பதில்லை. 2024 ஊதிய ஒப்பந்தத்துக்குப் பின் ஸ்கேல் ஒன் ஆபீசருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 48,480 என்பதும் ஊருக்கே தெரியும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலும், நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பர் முதலும் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே 'தகுதிக்கேற்ப'.

ஆரம்பத்தில் நானும் இதை விவரம் தெரியாத ஹெச்ஆர் செய்கிற வேலை என்றுதான் நினைத்தேன். அதனால் பையனிடம், "கேக்கிறாங்கல்ல, அந்த 3டியையும் படிச்சிடுடா" என்றேன். ஃபீஸ் 60,000. அக்கா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள். யோசனை சொன்னது நான், அதுவும் ஒரு வங்கி அதிகாரி! அவன் 3டி முடித்து வருவதற்குள் விளம்பரங்கள் ஏஐக்குப் போய்விட்டன. மிட்ஜர்னி பொதுமக்களுக்குத் திறந்தது 2022 ஜூலையில். 2024-ல் ஒரு கம்பெனி அதில் நாலு வருட அனுபவம் கேட்டது.

இன்னொரு கம்பெனி 'டெஸ்ட்' வைத்தது. மூன்று போஸ்டர், ஒரு மடிப்புத் தாள், முப்பது செகண்ட் வீடியோ. இரண்டு ராத்திரி தூங்காமல் செய்து அனுப்பினான். பதிலே இல்லை. மூன்றாவது வாரம் அதில் ஒரு போஸ்டர், நிறம் மட்டும் மாற்றி, அவர்கள் பக்கத்தில் தொங்குகிறது. பையன் என்னிடம் காட்டிவிட்டுச் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விஷயம் புரிந்தது போன மாதம். வாட்வாவில் பிளாஸ்டிக் டப்பா தயாரிக்கும் ஒருத்தர் லிமிட் புதுப்பிக்க வந்தார். நல்ல மனிதர், ஒரு தவணை தவறியதில்லை. பேச்சுவாக்கில், டிசைனர் கிடைக்கவில்லை என்றார். போனில் விளம்பரத்தைக் காட்டினார். அதே பட்டியல்!

"சேட், உங்க அக்கவுண்டன்ட் லாரி ஓட்டுவாரா?" என்றேன்.

சிரித்தார். சின்ன கம்பெனி, நாலு பேரை வைக்கக் கட்டுப்படியாகாது என்றார். அது உண்மைதான். அவர் பேலன்ஸ் ஷீட் என் மேஜையில்தான் இருந்தது. தினமும் என்ன வேலை வரும் என்று கேட்டேன். லேபிள், கேட்லாக், தீபாவளிக்கு ஒரு வாழ்த்து. அவ்வளவுதான். அப்புறம் எதற்கு 3டி?

மனிதர் ஒளிக்காமல் சொன்னார். நிறைய எழுதினால் வருகிறவன் ஏதாவது ஒன்றில் குறைவான். குறைந்தால் சம்பளம் பேசலாம். சம்பளத்தை விளம்பரத்தில் போட்டால் ஏற்கெனவே வேலை பார்க்கிறவன் பார்த்துவிட்டுக் கேட்பான்.

நகைக்கடையில் பழைய நகையைப் போட்டால் கல்லுக்குக் கழிவு, அழுக்குக்குக் கழிவு, சேதாரம் என்று எடையைக் குறைப்பார்களே, அதேதான். எல்லாம் தெரிந்த ஆள் வருவார் என்று அந்தப் பட்டியலை எழுதியவரே நம்பவில்லை. வருகிற பிள்ளை ஐந்து நிமிடத்தில் தன்னைக் குறையுள்ளவன் என்று நினைக்க வேண்டும், அதற்குத்தான் அது. நம் பிள்ளைகள் அதை நம்பி ஒவ்வொரு கோர்ஸாகச் சேருகிறார்கள். நாம் அதற்கு நகையை வைக்கிறோம்.

விஸ்காம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோர்களே, விளம்பரத்தைப் பார்த்து கோர்ஸில் சேர்க்காதீர்கள். போன் பண்ணி, தினமும் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். லேபிள் வேலை என்றால் லேபிளை மட்டும் காட்டட்டும். டெஸ்ட் என்றால் கூலி கேட்கட்டும்.

எங்கள் பையன் போன வாரம் ஒரு இடத்தில் அப்படித்தான் கேட்டான், "டெஸ்டுக்குக் காசு உண்டா சார்?" என்று. போனை வைத்துவிட்டார்கள். அடுத்த இடத்தில் 1,500 தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு ராத்திரி அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறான். அக்கா சங்கிலிக்கு இந்த மாத வட்டி நான் கட்டிவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை.